மோன் பிளாங் மலையைச் சுற்றி நடை: 63 வயசு அப்பாவோடு போகலாமா? எத்தனை நாள் வேணும்?

தேன்மொழி_கோவை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. அடுத்த வருஷம் மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கிறதுன்னு நான், வீட்டுக்காரர், எங்க அப்பா மூணு பேரும் முடிவு பண்ணியிருக்கோம். பிரான்சில் லேஸூஷ் ஊர்ல கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியா சுத்தி அதே ஊருக்கு வந்து சேர்ற பாதை. சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏத்தம் 10,000 மீட்டர் வரும்ங்கிறாங்க. ராத்திரி மலைக்குடில்கள்ல தங்கணும்.

அப்பாவுக்கு 63. மின்கம்பம் ஏறியே வேலை பார்த்தவர், இன்னைக்கும் மருதமலைப் படியை நிக்காம ஏறிடுவார். இறங்கும்போது மட்டும் வலது முட்டி பிடிக்குதும்பார். சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டார். ஏஜென்ட் ஒருத்தர் பத்து நாள் அட்டவணை கொடுத்திருக்கார். அதைப் பார்த்தா தினமும் 17, 18 கிலோமீட்டர் வருது. சமதரையில அப்பாவுக்கு அது பெரிய தூரமில்லை. மலையில எப்படின்னு தெரியலை. போய் வந்தவங்க யாராவது சொல்லுங்க.

பேர்ண்வாசி எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் சுவிசில பேர்ண் பக்கம் இருக்கிறன். இந்தப் பாதையை முழுசாவும் நடந்திருக்கிறன், பிள்ளையளோட துண்டு துண்டாவும் நடந்திருக்கிறன்.

முதல்ல அந்தக் கிலோமீட்டர் கணக்கை மறந்திடுங்கோ. இங்க வழிகாட்டிப் பலகையில தூரமே போடமாட்டினம், நேரம்தான் போடுவினம். அதுக்குக் காரணம் இருக்குது. ஏத்தமும் இறக்கமும்தான் அண்டைய நாளின்ர கஷ்டத்தைத் தீர்மானிக்கும். ஏறுறவருக்கு மூச்சு வாங்கினா நிண்டு ஆறலாம். இறக்கத்தில முட்டி நொந்தா நிண்டும் பிரயோசனமில்லை, மிச்ச இறக்கம் அப்பிடியே காத்துக்கொண்டிருக்கும்.

ஏஜென்டின்ர அட்டவணையை எடுத்து ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில இறக்கம் எத்தனை மீட்டர் எண்டு எழுதிப் பாருங்கோ. க்ருவா து பொனோம் குடில் 2,443 மீட்டரில இருக்குது. அங்கயிருந்து ஷாப்பியூவுக்கு கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம். இத்தாலியில மெசோன் வியே குடிலில இருந்து கூர்மாயர் ஊருக்கு 750 மீட்டர், தூசிப் பாதை, நல்ல செங்குத்து. பெரிய ஃபெரே கணவாய் 2,537 மீட்டர், அதுக்குப் பிறகு லா ஃபூலிக்கு 900க்கு மேல. கடைசி நாள்தான் மோசம். ப்ரெவான் உச்சி 2,525, லேஸூஷ் 1,000 சொச்சம். ஒரே இறக்கமா 1,500 மீட்டர். பத்து நாள் நடந்து தேய்ஞ்ச முட்டியோட அதை இறங்க வேணும்.

அப்பாவுக்கு எண்டா ஒரு நாளைக்கு 700, 800 மீட்டர் இறக்கத்துக்கு மேல வைக்காதேங்கோ. அதுக்கு மேல வாற இடத்தில ரோப்கார் இருக்குதோ, பஸ் இருக்குதோ, நடுவில படுக்கக் குடில் இருக்குதோ எண்டு பாருங்கோ. அனேகமா ஏதாவது ஒண்டு இருக்கும். அட்டவணை தானாவே 13, 14 நாளாகும். ஆகட்டும்.

அருணை_நடை எழுதியது:

தங்கையே, ரோப்கார், பஸ் என்று ஆரம்பித்தால் அது சுற்றுலா ஆகிவிடும். மலையைச் சுற்றுவது என்று சங்கல்பம் செய்தால் காலால்தான் சுற்ற வேண்டும். நான் திருவண்ணாமலைக்காரன், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவன். எழுபது தாண்டியவர்கள் வெறுங்காலோடு என்னோடு நடந்திருக்கிறார்கள், ஆட்டோவில் ஏறியதில்லை.

மோன் பிளாங்கையும் ஏறுவதற்கு முன்னால் சுற்றியிருக்கிறார்கள். ஜெனீவாவின் விஞ்ஞானி சொசூர் 1767-லேயே இந்த மலைத்தொடரைச் சுற்றி வந்துவிட்டார். பால்மாவும் பக்கார்டும் உச்சியைத் தொட்டது 1786-ல்தான். சுற்றுவதற்கு அவ்வளவு மதிப்பு உண்டு. ஒரு துண்டை விட்டுவிட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. நாள் கூடட்டும், பரவாயில்லை. நடந்தே முடியுங்கள்.

கல்யாணி_லியோன் எழுதியது:

தேன்மொழி, நாள் கணக்கை முடிவு பண்றதுக்கு முந்தி படுக்கை கிடைக்குமான்னு பாரும்மா. இங்க அதுதான் முதல் பிரச்சினை. ஜூலை, ஆகஸ்ட் மாசத்துக்கான முன்பதிவு அதுக்கு முந்தின இலையுதிர் காலத்திலேயே திறந்துடும். இத்தாலிப் பக்கம் எலிசபெத்தா, பொனாத்தி குடில்கள் ரெண்டும் சீக்கிரம் நிரம்பிடும். அந்த ரெண்டு ராத்திரிக்கும் எந்தத் தேதி கிடைக்குதோ, அதைப் பிடிச்சுக்கிட்டு மத்த நாளை முன்னும் பின்னும் கோத்துக்கோங்க. "எங்கயாவது போய்ப் படுத்துக்கலாம்" அப்படிங்கிறது இந்தப் பாதையில நடக்காது. இத்தாலிப் பக்கம் 2,500 மீட்டருக்குக் கீழ கூடாரம் போடத் தடை. சுவிஸ் பக்கமும் கண்ட இடத்துல போட முடியாது.

குடில்னா என்ன எதிர்பார்க்கணும்னு சொல்றேன். டார்மிட்டரிதான். ஒரே நீளப் பலகையில பத்து மெத்தை வரிசையா இருக்கும், பக்கத்துல யார் படுப்பாங்கன்னு தெரியாது. கம்பளி அவங்களே கொடுப்பாங்க, அதுக்குள்ள விரிச்சுப் படுக்க லைனர் நாமதான் கொண்டுபோகணும், அது கட்டாயம். வாசல்லயே பூட்ஸைக் கழட்டி ரேக்குல வைக்கணும், உள்ள போட ரப்பர் செருப்பு வச்சிருப்பாங்க. ராச்சாப்பாடு எல்லாருக்கும் ஒரே நேரம், பெரும்பாலும் ஏழு மணி. பத்து மணிக்கு விளக்கு அணைஞ்சிடும். குளிக்க வெந்நீர் சில இடத்துல டோக்கன் வாங்கினாத்தான் வரும், சில நிமிஷம்தான் ஓடும். தங்கல், ராச்சாப்பாடு, காலை டிபன் சேர்த்து ஆளுக்கு 60 யூரோவுல இருந்து 100 வரைக்கும் ஆகும். கையில ரொக்கம் வச்சுக்கோங்க, எல்லாக் குடில்லயும் கார்டு வேலை செய்யும்னு நம்ப வேணாம்.

அப்பா முட்டை சாப்பிடமாட்டார்னு சொன்னீங்க. இதைப் பதிவு பண்ணும்போதே எழுதிடணும், போன உடனே மறுபடி வாயாலயும் சொல்லணும். சைவம்னு மட்டும் சொன்னா ஆம்லெட் வந்து நிக்கும். ஒரு குடில்ல எங்களுக்கு மீனே வந்துச்சு. சூப்பு சில சமயம் இறைச்சி வேகவச்ச தண்ணில செஞ்சதா இருக்கும், கேட்டுட்டுக் குடிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, இதை யாரும் சொல்லமாட்டாங்க. பிரான்ஸ் பக்கத்து போஃபோர், இத்தாலியோட ஃபொன்தினா மாதிரிப் பழைய முறைச் சீஸ் எல்லாம் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற ரென்னட் வச்சுத்தான் பாலைத் திரிய வைக்கிறாங்க. அப்பாவுக்கு அது உடன்படுமான்னு வீட்டுல இருக்கும்போதே பேசி முடிவு பண்ணிடுங்க. சீஸும் வேணாம்னா அவருக்குக் கிடைக்கிறது ரொட்டி, உருளைக்கிழங்கு, வெறும் பொலென்தா (சோளமாவுக் களி), காய், ஜாம். நடக்கிற உடம்புக்கு அது பத்தாது. பருப்புப்பொடி, சத்துமாவு, வேர்க்கடலை, பேரீச்சம்பழம் நிறைய எடுத்துட்டு வாங்க. குடில்ல வெந்நீர் கேட்டா கொடுப்பாங்க.

ரகு_பிசியோ எழுதியது:

பேர்ண்வாசி அண்ணன் சொன்னது உடற்கூறு ரீதியாகவும் சரி. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரம் தாங்க வேண்டும். அந்த மாதிரி வேலைக்குப் பழகாத தசை சீக்கிரம் சோர்ந்துபோகும், பிறகு பாரம் முட்டி மூட்டில் விழும். அப்பா ஏறுவதில் கெட்டிக்காரர் என்பது இறக்கத்துக்குப் பாதி உதவிதான்.

மருதமலைக்குப் போகிறவர்கள் படியேறிப் போய்விட்டு பஸ்ஸில் இறங்குவார்கள் இல்லையா? அப்பாவை நேர்மாறாகச் செய்யச் சொல்லுங்கள். பஸ்ஸில் மேலே போய், படியில் மெதுவாக இறங்கட்டும். முதல் வாரம் ஒரு தடவை, வலி இல்லை என்றால் கூட்டிக்கொண்டே போகலாம். குதித்து இறங்கக் கூடாது, பாதம் முழுக்கப் பதிய வேண்டும், முட்டி லேசாக மடிந்திருக்க வேண்டும். மூன்று மாதமாவது இந்தப் பழக்கம் வேண்டும். ஆனால் அதற்கு முன் அந்த வலது முட்டியை எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். "பிடிக்குது" என்பது வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம், தேய்மானமாகவும் இருக்கலாம். தெரியாமல் பயிற்சி கொடுக்கக் கூடாது.

ட்ரெக்கிங் போல் இரண்டு கையிலும் கட்டாயம். இறக்கத்தில் அதைக் கொஞ்சம் நீட்டி, காலுக்கு முன்னால் ஊன்றி, பிறகு கால் வைக்கணும். ஒற்றைக் கம்பு போதாது. மூட்டை முடிச்சு ஆறேழு கிலோவுக்குள் அடங்கட்டும். ஊருக்கு ஊர் பையைக் காரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வசதி அங்கே உண்டு, ஆனால் சாலை போகாத குடிலுக்கு வராது.

தேன்மொழி_கோவை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கல்யாணி அக்கா, அந்தச் சீஸ் விஷயத்தை அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அது வேண்டாம்மா, பொடி கொண்டுபோயிக்கலாம்"னுட்டார். அம்மா இப்பவே ஒரு கிலோ நெய் காய்ச்சி அனுப்பறேன்னு நிக்கிறாங்க. கொண்டுபோகலாமா? அப்புறம் விசா எந்த நாட்டுக்குப் போடணும்? கழிப்பறையில தண்ணி இருக்குமா? இதை அப்பா கேட்கச் சொன்னார்.

கல்யாணி_லியோன் எழுதியது:

நெய் கூடாதும்மா. ஐரோப்பாவுக்குள்ள வெளிநாட்டுப் பால் பொருள், இறைச்சி எதுவும் பயணி கையில கொண்டுவரக் கூடாது. பால்கோவா, மைசூர்பாகு எல்லாம் இதுல அடங்கும். பச்சைக் கறிவேப்பிலையும் வேணாம். பொடியில காய்ஞ்சு அரைச்சது இருந்தா பரவாயில்லை. நெய்க்குப் பதிலா நல்லெண்ணெய் சின்னப் பாட்டில்ல எடுத்துட்டு வாங்க, செக்-இன் பையில.

ஷெங்கன் விசா ஒண்ணே மூணு நாட்டுக்கும் போதும், சுவிஸும் ஷெங்கன்ல இருக்கு. எந்த நாட்டுல அதிக ராத்திரி தங்கறீங்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும். இந்தப் பாதையில பெரும்பாலும் பிரான்ஸ்தான் வரும், ஆனா உங்க அட்டவணையை எண்ணிப் பாத்துக்கோங்க. பயணத்துக்கு ஆறு மாசத்துக்கு முந்தியே விண்ணப்பிக்கலாம். குடில் பதிவு ரசீது எல்லாத்தையும் தேதி வரிசையா இணைங்க.

தண்ணி இருக்காது, காகிதம்தான். அரை லிட்டர் பாட்டில் ஒண்ணை அதுக்குன்னே தனியா வச்சுக்கச் சொல்லுங்க. எங்க மாமியாரும் அப்படித்தான் செஞ்சாங்க, ஒரு சிரமமும் இல்லை.

குறிஞ்சி_ஊட்டி எழுதியது:

எந்த மாசம்னு யாரும் பேசலையே. ஜூன்ல வேண்டாம். பொனோம், ஃபூர் கணவாய்கள்ல அப்பவும் பனி கிடக்கும், சில வருஷம் ஜூலை முதல் வாரம் வரைக்கும். காலையில அது இறுகிப்போய் வழுக்கும். ஆகஸ்ட் கடைசி வாரம் அந்தப் பெரிய ஓட்டப்பந்தயம், 2003-ல இருந்து நடக்குது. இதே பாதையை முதல் ஆள் 20 மணி நேரத்துக்குள்ள ஓடி முடிக்கிறார். அந்த வாரம் பிரான்ஸ் பக்கம் ஷமோனி ஊர்லயும் கூர்மாயரிலும் அறை கிடைக்காது. செப்டம்பர் முதல் பாதி நல்ல நேரம். கூட்டம் குறைவு, மதியம் இடி மின்னலும் ஜூலை அளவுக்கு இருக்காது. மாசக் கடைசியை நெருங்கினா குடில்களை ஒண்ணொண்ணா மூட ஆரம்பிச்சிடுவாங்க.

எந்த மாசமானாலும் காலை ஏழரைக்கு முன்ன கிளம்பிடுங்க. கணவாயை மதியத்துக்குள்ள தாண்டிடணும். சாயங்காலம் குடில்ல மறுநாள் வானிலை எழுதி ஒட்டியிருப்பாங்க. குடில்காரங்க "நாளைக்கு ஃபூர் கணவாய் வேண்டாம்"னா வேண்டாம். 2,665 மீட்டர் அது, மேகம் இறங்கினா வழியே தெரியாது.

அருணை ஐயாவுக்கு ஒரு தகவல்: அங்கே வழக்கமா எல்லாரும் சுத்துறது அப்பிரதட்சிணமா, இடப்பக்கமா. வலமாவும் போகலாம், எதிர்ல வர்றவங்க முகத்தைப் பார்த்துட்டே நடக்கலாம். ஆனா லேஸூஷ்ல இருந்து வலமாக் கிளம்பினா முதல் நாளே ப்ரெவானுக்கு 1,500 மீட்டர் ஏத்தம். வலம்தான் வேணும்னா சுவிஸ்ல ஷாம்பேயில ஆரம்பிக்கிறது நல்லது.

அருணை_நடை எழுதியது:

மலை நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது என் மனசுக்கு முக்கியம். நான் போனால் ஷாம்பேயிலிருந்து வலமாகத்தான் போவேன். தகவலுக்கு நன்றி.

ரகு தம்பி எழுதியதைப் படித்த பிறகு ஒன்று சொல்கிறேன். எங்கள் கிரிவலப் பாதை சமதரை. 1,500 மீட்டர் இறக்கத்தை அதோடு ஒப்பிட்டு நான் பேசக் கூடாது. இருந்தாலும் முழுச் சுற்று என்ற ஆசை தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் இருக்குமானால் அதை விட வேண்டாம். நடக்கிறவர்கள் நடக்கட்டும், அப்பா பஸ்ஸில் வந்து அடுத்த இடத்தில் சேர்ந்துகொள்ளட்டும். எந்தெந்த இடத்தில் அப்படிப் பிரிந்து சேர முடியும் என்று பாதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணவாய் ஏறும் நாளில் மட்டும் அவரை விட்டுவிடாதீர்கள். அந்த நாட்களுக்காகத்தான் அவர் வருகிறார்.

பேர்ண்வாசி எழுதியது:

அருணை அண்ணை கேட்டது சரியான கேள்வி. பிரிஞ்சு சேரக்கூடிய இடங்களைச் சொல்லுறன்.

முதல் நாள் லேஸூஷில இருந்து பெல்வூவுக்கு ரோப்கார் இருக்குது, ஏத்தம் மிச்சம். ஷாப்பியூவில இருந்து வில் தே கிளசியே வரைக்கும் கோடையில சின்ன பஸ் ஓடும், அது தார் ரோட்டு, நடந்தாலும் ஒண்டும் இழக்கமாட்டியள். மெசோன் வியேயில இருந்து கொஞ்சம் கீழ இறங்கினா கூர்மாயருக்கு ரோப்கார். லா ஃபூலியில இருந்து ஷாம்பேக்கு ஓர்சியேரில மாறி பஸ்ஸில போகலாம். ஆனா அந்த நாள்தான் முழுப்பாதையிலயும் லேசான நாள். பழைய மரக் களஞ்சியங்கள் நிக்கிற கிராமங்களுக்குள்ளால போறது, அப்பா நடக்கட்டும். கடைசி நாள் ப்ரெவான் பக்கம் லிஃப்டில ஷமோனிக்கு இறங்கலாம். எல்லா லிஃப்டும் ஓடுற தேதியை அந்த வருசத்துக்குப் பாத்துக்கொள்ளுங்கோ, செப்டம்பரில சிலது நிண்டுபோகும். எங்கயாவது அப்பாவுக்கு ஏலாமப் போனா கூர்மாயரில இருந்து சுரங்கப் பாதையால ஷமோனிக்கு பஸ் இருக்குது, ஆனா சில வருசம் செப்டம்பரில திருத்த வேலைக்குச் சுரங்கத்தை மூடுவினம், முன்கூட்டியே பாத்துக்கொள்ளுங்கோ. 1965-ல திறந்த சுரங்கம், 11.6 கிலோமீட்டர். நாலைஞ்சு நாள் நடந்து வந்த தூரத்தை ஒரு மணித்தியாலத்துக்குள்ள திரும்பிப் போயிடலாம். இது தெரிஞ்சா அவருக்கும் மனசில பயமிருக்காது.

ஃபெனெத்ர் தார்பெத் எண்ட கணவாய் வழியை ஏஜென்ட் போட்டிருந்தா வெட்டிவிடுங்கோ. பெரிய பெரிய கல்லுக்கு மேலால ஏறி, மற்றப் பக்கம் செங்குத்தா இறங்க வேணும். பொவீன் வழியாப் போங்கோ. காடு, மேய்ச்சல் நிலம், சண்டைக்குப் பேர்போன கறுத்த எரென்ஸ் மாடுகள் நிக்கும், தள்ளி நடவுங்கோ. த்ரேலெஷானுக்குப் பிறகு பாறையில இரும்பு ஏணிகள் வரும். கம்பம் ஏறினவருக்கு அது ஒண்டுமில்லை, இவ்வளவு பேர் சொன்னதில அது ஒண்டுதான் அவற்ற கைக்குப் பழகினது. ஆனா மழை எண்டா மோந்தே கணவாய்ப் பக்கத்தால ஏணியில்லாத வழி இருக்குது.

சுவிஸ் பகுதிக்குச் சில விசயம். காசு ஃபிராங்க். பிரான்சில வாங்கின சிம் சுவிசில வேலை செய்யாமப் போகலாம், "ஐரோப்பா முழுக்க" எண்டு போட்டிருந்தாலும் சுவிஸ் பேர் இருக்குதோ எண்டு பாருங்கோ. ஹெலிகொப்டர் மீட்புக்கு இங்க பில் வரும், சின்னத் தொகை இல்லை. விசாவுக்கு எடுக்கிற 30,000 யூரோ காப்புறுதியில மலை நடையும் தேடுதல் மீட்பும் அடங்குதோ எண்டு எழுத்தில கேளுங்கோ. அவசரத்துக்கு 112 மூண்டு நாட்டிலயும் வேலை செய்யும், பாதை போற சுவிஸ் வாலிஸ் மாநிலத்தில 144.

தேன்மொழி_கோவை எழுதியது:

மூணு பேரும் உக்காந்து அட்டவணையைத் திருப்பிப் போட்டோம்ங்க. செப்டம்பர் 1-ம் தேதி கிளம்பி 14 நாள். ஏஜென்ட் வேண்டாம்னு விட்டாச்சு.

லேஸூஷ்ல பெல்வூ ரோப்கார் ஏறி கோன்தமின். மறுநாள் "நான் போரான்"ங்கிற குடில் வரைக்கும் மட்டும், சின்ன நாள். அப்புறம் பொனோம் ஏறி மேல குடில்லயே படுக்கை. அடுத்த நாள் ஷாப்பியூ இறக்கம், பஸ், மொத்தே குடில். சேஞ் கணவாய் தாண்டி எலிசபெத்தா. அங்கிருந்து மெசோன் வியே வழியா கூர்மாயர், ரோப்கார்ல இறக்கம். கூர்மாயர்ல ஒரு நாள் முழு ஓய்வு, துணி துவைக்க. பெர்தோனே வழியா பொனாத்தி. பெரிய ஃபெரே தாண்டி லா ஃபூலி, ஷாம்பே, பொவீன் வழியா த்ரியான், பால்ம் கணவாய் தாண்டி த்ரேலெஷான், ஃப்ளெஜேர். கடைசி நாள் ப்ரெவான்ல இருந்து அப்பா லிஃப்ட்ல இறங்குவார், நானும் வீட்டுக்காரரும் லேஸூஷ் வரைக்கும் நடந்து இறங்கறோம். அருணை ஐயா சொன்ன வட்டம் எங்க ரெண்டு பேருக்காவது கிட்டத்தட்ட முழுசாகும்.

எலும்பு மருத்துவர் பார்த்துட்டார். ஆரம்பத் தேய்மானம்தான், பயிற்சி செஞ்சுட்டுப் போகலாம்னுட்டார். ரெண்டு சந்தேகம். எலிசபெத்தாவுல எங்க தேதிக்கு இடம் இல்லைன்னு வருது, என்ன பண்றது? லா ஃபூலி இறக்கம் 900 மீட்டர் தாண்டுதே, அண்ணா சொன்ன கணக்கை மீறுது.

பேர்ண்வாசி எழுதியது:

எலிசபெத்தாவில இடமில்லாட்டி ரெண்டு வழி. ஒண்டு, காத்திருப்போர் பட்டியல்ல பேர் போட்டுவிடுங்கோ, ஆக்கள் ரத்துச் செய்வினம். மற்றது, மொத்தேயில இருந்து நேர மெசோன் வியே வரைக்கும் நடக்கலாம், நீண்ட நாள், ஏத்தமும் ரெண்டு தரம். அப்பாவுக்கு அது கூட. அதனால வேணுமெண்டா தொடக்கத் தேதியை ரெண்டு நாள் தள்ளி, எலிசபெத்தா கிடைக்கிற நாளுக்கு எல்லாத்தையும் நகர்த்துங்கோ. வேற எந்தக் குடிலையும் பதியிறதுக்கு முந்தி இதைச் செய்யுங்கோ.

லா ஃபூலி இறக்கம் மீட்டர் கணக்கில கூடத்தான். ஆனா சாய்வு மெல்லிசு, புல்லுப் பாதை, பாதி வழியில லா பேல் எண்டு ஒரு பண்ணைக் குடில் இருக்குது. அங்கயே படுக்க இடம் கேட்டுப் பாருங்கோ, கிடைச்சா இறக்கம் ரெண்டு நாளாப் பிரிஞ்சிடும். அடுத்த நாள் லா ஃபூலியில நிக்காம பிராஸ் து ஃபோர் வரைக்கும் நடந்து, ஷாம்பே ஏத்தத்துக்கு மட்டும் அப்பா பஸ் எடுக்கலாம்.

கல்யாணி_லியோன் எழுதியது:

லா பேல்ல சைவம் கேட்கும்போது சீஸும் வேணாம்னு பிரெஞ்சில எழுதித் தரணும். "முட்டை, மீன், இறைச்சி, சீஸ் இல்லாமல்"னு ஒரு வரி நான் எழுதி உனக்குத் தனிமடல்ல அனுப்பறேன் தேன்மொழி. இத்தாலியத்திலயும் சேர்த்து. எல்லாப் பதிவுலயும் அதையே ஒட்டிடு, ஒரு பிரின்ட் எடுத்து அப்பா சட்டைப் பையிலயும் வச்சிடு.